கிணற்றுத் தண்ணீரில் வைத்த காப்பி

"காப்பி நான் வைக்க மாட்டேன். வேணும்னா நீங்களே வச்சுக் கொடுங்க" என்றாள் ஃபிர்யால்.

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த நாயிஃப் அப்படியே நின்றான். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்துவிட்டது. பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் கிளம்பியிருப்பார்கள். முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டாயிற்று. பக்கத்து வீடுகளில் இரவல் வாங்கியவை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம்.

"சத்தத்தைக் குறை. வர்றது யாருன்னு தெரியுமா? ஹாஜ் இத்ரீஸ். அவரு நம்ம வாசல்ல கால் வைக்கிறதே பெரிய விஷயம்."

"வாசல்ல வைக்கட்டும். எம்புள்ள கழுத்துல வைக்காம இருந்தாச் சரி."

எங்கள் ஊரான தைர் லோஸில் பெரிய மனிதர்கள் கூட்டமாகத் திரண்டு ஒருவன் வீட்டுக்கு வந்தால் ஏதோ கேட்க வருகிறார்கள் என்று பொருள். வீட்டுக்காரன் காப்பி கொடுப்பான். கூட்டத்துக்குத் தலைவராக வந்தவர் கிண்ணத்தை வாங்கித் தம் முன்னால் கீழே வைத்துவிடுவார். மற்றவர்களும் வைப்பார்கள். கேட்டதைத் தருகிறேன் என்று வீட்டுக்காரன் வாய் திறந்து சொல்லும்வரை யாரும் தொட மாட்டார்கள். "காப்பியைக் குடிங்க, கேட்டது உங்களுது" என்று அவன் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் அவன் வீட்டில் பெண் எடுக்க ஆள் வராது, சாவுக்கும் வராது. கொலைப் பழியையே இந்தக் கிண்ணம் தீர்த்துவைத்ததுண்டு. அதனால் அதை நாங்கள் பெருமையாகத்தான் பேசுவோம். யார் வாயை அது அடைக்கிறது என்று மட்டும் பேச மாட்டோம்.

இன்று அவர்கள் கேட்க வருவது ஃபிர்யால் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரை. திரும்பப் பெற வேண்டும்.

புகார் அபூ ரஜாயி மேல். ஊருக்குக் கீழே பள்ளத்தாக்கில் அவனுடைய கிடங்கு இருக்கிறது. விடிவதற்குள், எங்களைப் பிரித்து எழுப்பிய சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து லாரிகள் வந்து கொட்டிவிட்டுப் போகும். பழைய கம்ப்யூட்டர், டிவி, பிரிண்டர், மூட்டை மூட்டையாகச் செல்போன். அங்கே இவற்றை எரிக்கச் சட்டம் விடாது. அதனால் எங்களிடம் வருகின்றன. சட்டம் எங்களிடமும் இருக்கிறது. ஆனால் பள்ளத்தாக்கு அந்தப் பக்கத்து ராணுவத்தின் பிடியில் இருக்கிறது, எங்கள் போலீஸ் அங்கே இறங்க அவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். அது வருவதற்குள் சாம்பல் ஆறிவிடும். விற்கக் கூடியதைப் பிரித்து எடுத்தபின், செம்புக்காக ஒயர்களைக் குவித்து அபூ ரஜாயியின் மகன்கள் தீ வைப்பார்கள். கறுப்புப் புகை மேலேறி, கூரைகள் மேல் படிந்து இறங்கும். ஊரில் பாதிப்பேருக்குச் சோறு அந்தக் கிடங்கில்தான். நாயிஃபும் அங்கேதான் சுத்தியலால் கம்ப்யூட்டர் உடைக்கிறான்.

அவர்கள் மகள் மயாருக்கு ஏழு வயது. போன வருஷம் ரத்தத்தில் நோய் என்றார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் குத்ஸ் நகரத்து மருத்துவமனையில் டாக்டரம்மா, "வீட்டுல எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டாள். கூரையில் விழும் மழையைக் கிணற்றில் இறக்கி வருஷம் முழுக்கக் குடிக்கிறோம் என்று ஃபிர்யால் சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள்.

"அதைப் புள்ளைக்குக் கொடுக்காதீங்க."

"அதுனாலதான் வந்துச்சா?"

"சோதிச்சுப் பாக்காம நான் எப்படிச் சொல்லட்டும்? நாங்களும் அதையேதான் குடிச்சோம்னு சொல்றீங்க. ஒரு வாய், ரெண்டு வாய் ஒண்ணும் பண்ணாது. வருஷக்கணக்கா உள்ள போனாத்தான்."

அன்றிலிருந்து மயாருக்கு மட்டும் பாட்டில் தண்ணீர். மற்றவர்கள் வழக்கம்போலக் கிணறு. தண்ணீரைச் சோதிக்கச் சொல்லி ஃபிர்யால் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. ஒரு இடத்தில் கருவி இல்லை, ஒரு இடத்தில் அனுமதி இல்லை, ஒரு இடத்தில் ஆளே இல்லை. "அல்லாஹ் நாடினது, பொறுமையா இரும்மா" என்று மட்டும் எல்லா இடத்திலும் இருந்தது. கடைசியில் அவள் மொட்டைமாடியில் நின்று தன் போனில் படம் பிடித்தாள்: தீ, புகை, அபூ ரஜாயியின் இரண்டு மகன்கள். பேஸ்புக்கில் போட்டாள். ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். பாதிப்பேர் குணமாகட்டும் என்று துஆ எழுதிப் பிரார்த்தித்தார்கள், மீதிப்பேர் செம்பு என்ன விலை என்று கேட்டார்கள். அவர்கள் அதைப் பார்த்த போன்களும் அலுத்துப்போனால் ஒருநாள் எங்கள் பள்ளத்தாக்குக்குத்தான் வரும். அது யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் படத்தை வைத்துத்தான் புகார் கொடுத்தாள்.

இப்போது அந்தப் படமே அவளைப் பிடித்துக்கொண்டது. இணையக் குற்றச் சட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது. அடுத்தவன் முகத்தை அனுமதி இல்லாமல் ஊருக்குக் காட்டி மானத்தைக் கெடுத்தால் ஜெயில். நெருப்பு வைத்தவனைத் தேடிப் போக எத்தனையோ அனுமதி வேண்டும். படம் எடுத்தவளைப் பிடிக்க ஒரு வக்கீல் போதும். அபூ ரஜாயி வக்கீல் வைத்துவிட்டான்.

நாயிஃப் அடுப்படிக்குள் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"எனக்கு மட்டும் வயிறு எரியலையா? ராத்திரி அவ மூச்சு விடுறாளான்னு காது வச்சுக் கேக்குறவன் நான். ஆனா நீ உள்ள போனா அவளைக் குத்ஸுக்கு யாரு கூட்டிட்டுப் போவா? சுவரைத் தாண்ட எனக்குப் பெர்மிட் தரமாட்டாங்கன்னு உனக்கே தெரியும். உன் பேர்லதான் இருக்கு. நீ இல்லேன்னா மருந்து இல்ல. அவ்வளவுதான்."

ஃபிர்யால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, போங்க. காப்பி வரும்."

அவன் போனபின் ஜன்னலோரம் அடுக்கியிருந்த பாட்டில்களைப் பார்த்தாள். விருந்தாளிக்கென்றே நாயிஃப் புதிதாக வாங்கி வைத்திருந்தான். அதைத் தொடாமல் பின்பக்கம் போய்க் கிணற்று மூடியைத் தூக்கினாள். வாளியில் வந்த தண்ணீரின் மேல் எண்ணெய் போல மெல்லிய கறுப்பு ஆடை. அதைத் துணியில் வடித்தாள். ஏழு வருஷமாக வடித்த அதே துணிதான். காப்பியும் ஏலமும் போட்டுக் கொதிக்கவிட்டாள்.

குல்லாவை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு மயார் வந்து நின்றாள். தலையில் முடி இல்லை.

"உம்மா, எனக்குத்தான் அந்தத் தண்ணி கூடாதுன்னியே. அவங்களுக்குக் கொடுக்கலாமா?"

"ஒரு வாய்க்கு ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டரம்மாவே சொல்லியிருக்காங்க. நீ போய்ப் படு, என் கண்ணு."

ஆட்கள் வந்தார்கள். ஹாஜ் இத்ரீஸ் முன்னால். வெள்ளைத் தாடி, தங்கக்கரை அங்கி. பெரிய பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்தவர். அவர் வாய் திறந்தால் சண்டைக்காரனும் அழுவான். அவர் பக்கத்தில் அபூ ரஜாயி, தலையைக் குனிந்து, தப்பே செய்யாத பிள்ளை போல. நாயிஃப் தட்டைக் கொண்டுபோய்க் கிண்ணங்களில் ஊற்றினான். ஹாஜ் வாங்கினார். கீழே வைத்தார். மற்றக் கிண்ணங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையைத் தொட்டன. திரைக்குப் பின்னால் ஃபிர்யால் அந்தச் சத்தங்களைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அபூ மயார்" என்று, மயாரின் தகப்பன் என்ற மரியாதைப் பெயரால் நாயிஃபை அழைத்துத் தொடங்கினார் ஹாஜ். "உன் மகளுக்கு அல்லாஹ் ஷிஃபா கொடுத்துக் குணமாக்கட்டும். அவ எங்க எல்லாருக்கும் மகதான். நாங்க கேக்குறது சின்ன விஷயம். நம்ம வீட்டு அழுக்கை நாம தொவைச்சுக்கலாம், போலீஸ் எதுக்கு? நீ புகாரை எடுத்துரு, இவரு வக்கீலை நிறுத்திடுறாரு. நீயும் ஜெயிச்சே, அவரும் ஜெயிச்சாரு."

நாயிஃப் தொண்டையைச் செருமினான். மகளைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தான். கீழே வரிசையாக இருந்த கிண்ணங்களைப் பார்த்தான். ஆவி குறைந்துகொண்டிருந்தது. எல்லாரும் அவன் வாயையே பார்த்தார்கள்.

"காப்பியைக் குடிங்க, ஹாஜ். கேட்டது உங்களுது."

"உன் வீடு வாழட்டும்!" என்று பன்னிரண்டு குரல்கள் ஒன்றாக எழுந்தன. எல்லாரும் ஒரே மடக்காகக் குடித்தார்கள். ஆறுவதற்குள் குடிப்பது அழகு.

திரை விலகியது. எங்கள் ஊரில் இப்படிப்பட்ட சபைக்குள் பெண் வந்து நான் பார்த்ததில்லை. ஃபிர்யால் வந்தாள். வெறுங்கையோடுதான் வந்தாள்.

"காப்பி நல்லா இருந்துச்சா, ஹாஜ்?"

அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "உன் கைக்குக் குறை வராதும்மா."

"கைப்பக்குவம் இல்லைங்க, தண்ணிதான். நம்ம கிணத்துத் தண்ணி. எம்மக பொறந்ததுலேருந்து குடிச்சாளே, அது."

அபூ ரஜாயிதான் முதலில் எழுந்தான். வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினான். பின்னாலேயே இன்னும் இருவர். ஒருவர் கைக்குட்டையில் துப்பினார். அவர்கள் வீடுகளிலெல்லாம் லாரித் தண்ணீர். வருஷக்கணக்காக யாரும் கிணற்றைத் தொடுவதில்லை. ஏன் தொடுவதில்லை என்று எவரும் வெளியே சொன்னதுமில்லை.

"விருந்தாளிக்கு விஷம் கொடுத்துட்டா!" என்று வாசலிலிருந்து கத்தினான் அபூ ரஜாயி. "எல்லாரும் சாட்சி! விஷம்!"

"விஷமா?" என்றாள் ஃபிர்யால். "உங்க கிடங்குப் புகைல ஒண்ணுமே இல்லேன்னு போன வாரம்தானே சத்தியம் பண்ணீங்க?"

நாயிஃப் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான். ஹாஜ் இத்ரீஸ் அங்கியைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனார். அவர் திட்டியிருந்தால்கூட நாயிஃபுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை அவள் காவல் நிலையம் போய்ப் புகாரைத் திரும்பப் பெற்றுக் கையெழுத்துப் போட்டாள். புருஷன் வாக்குக் கொடுத்தாயிற்று. மகளுக்குக் குத்ஸ் போக வேண்டும். வேறு வழியில்லை. அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் அங்கே அழவில்லை. பேஸ்புக்கிலிருந்த படத்தையும் அதிகாரி முன்னாலேயே அழித்தாள். "புத்திசாலிப் பொண்ணு" என்றார் அவர்.

அவள் வீடு திரும்பியபோது வாசலில் ஒரு கார் நின்றது. கையுறை போட்ட ஒருவன் கிணற்றுக்குள் கயிறு விட்டுக்கொண்டிருந்தான். சுகாதார அலுவலகத்து ஆள். ஹாஜ் இத்ரீஸின் மருமகன் ஒரு போன் செய்தாராம். ஊர்ப் பெரியவர்கள் பன்னிரண்டு பேர் கெட்ட தண்ணீர் குடித்துவிட்டார்கள், உடனே பார்க்க வேண்டும். கருவியும் வந்தது, ஆளும் வந்தான். அனுமதி என்ற பேச்சே எழவில்லை.

"இதுக்குத்தானே நான் அத்தனை தடவை வந்தேன்?" என்று ஃபிர்யால் கேட்டாள்.

"அது எனக்குத் தெரியாதுங்க. என்னை இன்னிக்குத்தான் அனுப்பினாங்க." அவன் பாட்டிலை மூடிப் பெயர் ஒட்டினான். பிறகு கொஞ்சம் சங்கடத்தோடு கேட்டான், "ஒரு கேள்வி கேட்டு எழுதணும். இந்தத் தண்ணி குடிக்க லாயக்கில்லேன்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

"நேத்து சாயங்காலம். பெரியவங்க துப்பினாங்கல்ல, அப்பத்தான். அதுக்கு முன்னாடி எல்லாரும் இது அல்லாஹ் நாடினதுன்னுதான் சொன்னாங்க."

அவன் அதை எழுதவில்லை.

அந்த வாரத்துக்குள் முடிவு வந்தது. ஈயம் இருந்தது, எனக்குப் பெயர் சொல்லத் தெரியாத இன்னும் சில இருந்தன. குடிக்க உதவாது என்று கிணற்றை மூடி முத்திரை வைத்தார்கள். கெட்ட தண்ணீரை விருந்தாளிக்குக் கொடுத்த குற்றத்துக்கு வீட்டுக்காரியின் பெயர் எழுதப்பட்டது. அந்த ஈயம் எங்கிருந்து கிணற்றுக்குள் வந்தது என்று கேட்பதற்கு அந்தத் தாளில் இடமில்லை. நாயிஃப் ஆள் திரட்டிக்கொண்டு அபூ ரஜாயி வீட்டுக்குப் போய்த் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டான். நாயிஃப் தன் முன்னால் கீழே வைத்த காப்பி நன்றாக ஆறிய பிறகுதான் அபூ ரஜாயி வாயைத் திறந்து, "குடி, மன்னிச்சாச்சு" என்றான்.

மன்னித்ததோடு நிற்கவில்லை. கிணறு இல்லாமல் பிள்ளைக்காரி என்ன செய்வாள் என்று மறுநாளே ஒரு லாரித் தண்ணீர் அனுப்பினான். ஊரே மெச்சியது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலிலும் அதே பேச்சு: என்ன பெரிய மனசு, தன்னை அசிங்கப்படுத்தினவ வீட்டுக்கே தண்ணி அனுப்புறானே!

கீழே பள்ளத்தாக்கில் அன்றும் ஒயர் எரிந்துகொண்டிருந்தது. நாயிஃப் குழாயைப் பிடித்து மாடித் தொட்டியில் தண்ணீர் நிரப்பினான். லாரிக்காரன் கையைத் துடைத்தபடி ஃபிர்யாலைப் பார்த்துச் சிரித்தான்.

"அபூ ரஜாயிக்கு ஒரு துஆ செய்யுங்க, தங்கச்சி. புள்ள குடிக்கிறதுக்குன்னே அனுப்பியிருக்காரு."

"செய்யுறேன்" என்றாள் அவள். "ஏழு வருஷத்துக்கு முன்னாடி அனுப்பியிருந்தா, புள்ளையே ஓடி வந்து செஞ்சிருப்பா."