கீழ் ஓடைத் தட்டு

எங்கள் ஊர் மன்றத்தில் பெண்களுக்கு வாய் கிடையாது. கை மட்டும் உண்டு, ஆக்கிப் பரிமாற. நான் விலானுவோ, கோஹிமா சந்தையில் வறுத்துத் தின்கிற ஓடைப்புழு விற்கிறவள். பதினெட்டு வருடமாக எங்கள் ஓடையில் கல் புரட்டித்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. அன்றைக்கு மன்றத்தில் நான் வாயைத் திறந்தேன். அதற்கு எனக்கு இன்றுவரை துளி வருத்தமும் இல்லை.

ஓடையின் பாதி வழியில் கெவிசேயின் கல்லுடைக்கும் ஆலை இருக்கிறது. ஆலைக்கு மேலே, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடுக்கு இருக்கும். குளிர்ந்த தண்ணீர் அதற்குள் புகுந்து ஓடும். சிறகு முளைக்கும்வரை தண்ணீரிலேயே வளரும் தும்பிக் குஞ்சுகளும், மணலை ஒட்டிக் கூடு கட்டும் புழுக்களும் அங்கேதான் குடியிருக்கும். ஆலைக்குக் கீழே கல்தூள் இறங்கி எல்லா இடுக்கையும் அடைத்துவிட்டது. லாரி போகக் கரை மரங்களையும் வெட்டிவிட்டான். வெயில் பட்டுத் தண்ணீர் வெதுவெதுவென்று கிடக்கிறது. இப்போது அங்கே சேற்றில் நெளிகிற, யாரும் தின்னாத செம்புழு மட்டும்தான். என் கூடை பாதியாகிவிட்டது. இந்த லட்சணத்தில், மன்றத்திடம் வாங்கிய குத்தகையைப் பத்து வருடம் நீட்டி மேல் ஓடைக்கும் போகப்போகிறானாம். போனால் மீதிக் கூடையும் காலி.

கெவிசே என் புருஷனுக்குத் தம்பி முறை. ஓடை கெட்டதைப் பற்றி அவனிடம் நேராகவே கேட்டேன்.

"தண்ணிய பாட்டில்ல புடிச்சு டவுனுக்கு அனுப்பியாச்சு அண்ணி. சுத்தம்னு சீட்டு வந்திருக்கு."

"என்னைக்குப் புடிச்சீங்க?"

"திங்கக்கெழம காலையில."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சனிக்கிழமை மத்தியானமே ஆலையை நிறுத்திவிட்டு, ஞாயிறு முழுக்கத் தேவாலயத்தில் முன்வரிசையில் நின்று பாடுகிறவன் அவன். ஞாயிறன்று எங்கள் ஊரில் ஒரு மண்வெட்டிகூட அசையாது. தூள் விழாமல் இரண்டு நாள் ஓடிய தண்ணீர் தெளிந்துதானே இருக்கும்? தண்ணீர் வரும், போய்விடும். தும்பிக் குஞ்சோ மாதக்கணக்கில் அதே கல்லுக்கடியில் கிடக்கிறது. அதற்கு ஞாயிறும் தெரியாது, சீட்டும் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மன்றம் கூடிய நாளில் சமையல் என் முறை. மேல் ஓடைத் தும்பிக் குஞ்சுகளை மூங்கில் குருத்தும் மிளகாயும் போட்டு வறுத்து வைத்தேன். பதினோரு ஆண்களும் விரலை நக்கினார்கள். மன்றத் தலைவர் லௌவிசா பெரியப்பா, "இன்னுங் கொஞ்சம் கொண்டாம்மா" என்றார்.

மூடிவைத்த ஒரு தட்டைக் கொண்டுபோய்க் கெவிசேயின் முன்னால் வைத்தேன். மூடியைத் திறந்தான். சாம்பல் நிறச் சேறு, அதில் உயிரோடு நெளிகிற செம்புழு.

"என்ன அண்ணி இது, கண்றாவி!"

"கீழ் ஓடை. உங்க ஆலைக்குக் கீழ நூறு கல்லப் பொரட்டினேன், இதான் கெடச்சுது. தண்ணி சுத்தம்னு சீட்டு இருக்குல்ல, கொழுந்தனாரே? சாப்பிடுங்க. உப்பு வேணுமா?"

யாருக்கோ சிரிப்பில் புரையேறியது.

"பொம்பள மன்றத்துல பேசக் கூடாது!" என்று கெவிசே கத்தினான்.

"நான் எங்க பேசினேன்? பரிமாறுறேன். வெச்ச தட்ட ஒதுக்குறது நம்ம ஊர் வழக்கமில்லையே."

குத்தகைப் பத்திரமும் பேனாவும் பெரியப்பா கையில் இருந்தன. அவர் தட்டையும் கெவிசேயையும் மாறிமாறிப் பார்த்தார்.

"சாப்பிடு கெவிசே. நீ சாப்பிட்டா நான் கையெழுத்துப் போடுறேன்."

கெவிசே தட்டைத் தொடவில்லை. பெரியப்பா பேனாவை மூடினார். "மேல் ஓடைக்கு ஒருத்தனும் போகக் கூடாது. இருக்குற ஆலையும் பழைய குத்தகை முடிஞ்சதும் நிக்கட்டும்" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "பரிமாறினேன்னு சொன்னாலும் பேசினது பேசினதுதான். மன்றத்துக்கு ஒரு சேவல் அபராதம். காலையில கொண்டுவந்துரு."

மறுநாள் காலையில் அவர் வீட்டு வாசலில் இரண்டு சேவலை இறக்கினேன்.

"ஒண்ணுதானே சொன்னேன்?"

"இது நேத்துப் பேசினதுக்கு, பெரியப்பா. அது அடுத்த கூட்டத்துல பேசப்போறதுக்கு."