குளிரில் எழும் நீலக் கோடுகள்

எதிர்வீட்டுத் தையல்காரி கடை வேலையை உதறிவிட்டுச் சொந்தமாக மெஷின் போட்டு மூன்று மாதம்தான் ஆகிறது. "போயிட்டு வா. சீக்கிரமே இதே ஸ்டூல்ல வந்து உக்காருவே, துடைச்சு வெக்கிறேன்" என்று கடை முதலாளி வழியனுப்பினாராம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. அவளுடைய நாத்தனார் சொன்னாள். நாத்தனாருக்கு ஒரு டம்ளர் டீ கொடுத்தால் போதும், அந்த வீட்டு அலமாரியில் என்ன இருக்கிறது என்பது வரை கொட்டிவிடுவாள்.

தையல்காரிக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, ஒரு ஐஸ்கிரீம் கம்பெனிக்கு நாற்பது வெள்ளை அங்கிகள். அது சரியாக அமைந்தால் வருஷம் முழுக்க அவர்கள் தையல் இவளுக்குத்தான். அமையாவிட்டால் அந்த ஸ்டூல்.

மாலை நாலு மணிக்குக் கம்பெனி சூப்பர்வைசர் வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு. காலை ஒன்பதரைக்கு நான் ஊசி கேட்கிற சாக்கில் போனேன். என் வீட்டில் ஊசி இல்லாமல் இல்லை.

கட்டில் முழுக்க அங்கிகள் அடுக்கியிருந்தன. தையல்காரி கடைசி அங்கிக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருக்க, நாத்தனார் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். துணியில் பாக்கெட் வரும் இடம், பட்டன் நுழையக் காஜா போடும் இடமெல்லாம் நீலக் கோடுகள். பெட்டி அதன்மேல் போனதும் கோடு போன இடம் தெரியவில்லை.

"எப்படி அக்கா, நான் வாங்கிக் குடுத்த பேனா?" என்றாள் நாத்தனார். "அண்ணி என்னென்னமோ பாடுபட்டாங்க. சோப்புச் சில்லுல போட்டா வெள்ளைத் துணியில தெரியல. நீல சாக்பீஸ்ல போட்டா தையல் ஓட்டைக்குள்ள பொடி நின்னுபோவுது. பென்சில்னா அழுக்கு. நான்தான் சொன்னேன், இதுல கோடு போடுங்க, சூடு பட்டா மாயமாயிடும்னு."

"ஆமா, மகாராணி கண்டுபிடிச்சாங்க" என்றாள் தையல்காரி, நூலைப் பல்லால் கடித்தபடி. ஆனால் முகத்தில் சிரிப்பு இருந்தது.

எனக்கு ஒரு பழக்கம். கையில் கிடைத்த அட்டை, பில், மருந்துச் சீட்டு எதையும் படிக்காமல் கீழே வைக்க மாட்டேன். மற்றவர்கள் வீட்டுக் காகிதம் என்றால் இரண்டு தடவை படிப்பேன். பேனா வந்த அட்டை மெஷின் கீழே கிடந்தது. பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன். காகிதத்தில் எழுத மட்டும். கடும் குளிரில் அழிந்த எழுத்து மீண்டும் தெரியலாம்.

"ஏம்மா, இந்த யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு அவங்க எங்க நிக்கப் போறாங்க?" என்றேன்.

"கோல்ட் ரூம்ல. ஏன்க்கா?"

அட்டையை நீட்டினேன். படித்தவள் முகம் சுண்டிப்போனது. நாத்தனார் வாங்கிப் படித்துவிட்டு, "பேனா கம்பெனிக்காரங்க இப்படித்தான் எதையாவது போட்டு வெப்பாங்க" என்றாள், குரலில் பாதி காணாமல் போயிருந்தது.

அடுக்கின் மேலிருந்த அங்கியைச் சுருட்டிக்கொண்டு மூவரும் என் வீட்டுக்கு ஓடினோம். என் ஃப்ரீசரில் இருந்ததையெல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு அதைத் திணித்தோம். தையல்காரி நாற்காலி காட்டியும் உட்காரவில்லை. விரல் நகத்தைக் கடித்துக்கொண்டே நின்றாள். முக்கால் மணி நேரம் கழித்து எடுத்து விரித்தால், மார்பில் இரண்டு பாக்கெட் கோடு, நடுவில் ஏழு காஜா கோடு, முதுகில் நீளமாக ஒன்று. யாரோ அப்போதுதான் போட்டுவிட்டுப் போன மாதிரி.

"நாப்பதுலயும்" என்றாள் தையல்காரி.

"அண்ணி, கேளுங்க. குடுத்துடுவோம். அந்தக் குளிர்ல நடுங்கறவன் துணியில கோடு இருக்கா, கட்டம் இருக்கான்னா பாக்கப் போறான்?"

"சாப்பிடற பொருள் செய்யற இடம்டி. ஒரு சின்னக் கறை இருந்தாலே உள்ள விடமாட்டாங்க. அப்புறம் நான் அந்த ஆள் மூஞ்சியில முழிக்கணும். ஸ்டூலைத் துடைச்சு வெச்சிருப்பாரு."

வீட்டுக்காரரின் சட்டைப் பையில் பேனா கசிந்தால் நான் ஸ்பிரிட் வைத்துத் துடைப்பது வழக்கம். சொன்னேன். பஞ்சில் நனைத்து ஒற்றிப் பார்த்தோம். நாலு தடவை ஒற்றினால் கோடு போனது. மறுபடி குளிரில் வைத்துப் பார்த்தோம், வரவில்லை. ஆனால் ஒரு அங்கிக்கே இருபத்தைந்து நிமிஷம். மருந்துக் கடையில் இருந்த ஸ்பிரிட் பாட்டில் அத்தனையும் வாங்கிவந்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இதில் இன்னொரு கொடுமை, இஸ்திரி போட்ட பிறகு கோடு எங்கே இருந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. பாக்கெட் ஓரத்தையும் காஜா வரிசையையும் வைத்துக் குத்துமதிப்பாக ஒற்ற வேண்டும். மூவரும் குனிந்த தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் கடிகாரம்தான் தெரிந்தது. மூன்றரைக்குத் தையல்காரி எண்ணினாள். முடிந்தது இருபத்தாறு.

நாலுக்குச் சரியாக சூப்பர்வைசர் வந்தார். வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாசனை. மூக்கைச் சுளித்தார்.

"யாருக்கும்மா உடம்பு சரியில்ல?"

நாத்தனார் வாயைத் திறந்தாள். தையல்காரி அவள் காலை மிதித்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். பேனா, குளிர், இருபத்தாறு, பாக்கி பதினாலு. சொல்லி முடித்தபோது அவள் கை அந்தப் பஞ்சைப் பிசைந்து பிசைந்து நூலாக்கியிருந்தது.

அவர் மேலாக இருந்த அங்கியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"நான் இதைக் கம்பெனியில சொல்லணுமேம்மா. எங்க கோல்ட் ரூம்ல பேனாவே எழுதாது. ஐஸ்கிரீம் பெட்டி மேல பென்சில்லதான் தேதி போடறோம். அதுல உங்க பேனா மட்டும் உயிரோட எழுந்து உக்காருது." சிரிப்பாரோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "இருபத்தாறை எடுத்துட்டுப் போறேன். ராத்திரி ஷிஃப்ட் போடுவாங்க. பாக்கிய நாளைக்குக் காலையில வந்து எடுத்துக்கறேன். எது எப்படி இருக்குன்னு அப்ப பேசுவோம்."

மறுநாள் நான் காலை ஏழு மணியிலிருந்து வாசலைப் பெருக்கினேன். பத்து மணிக்கு வாசல் தரையே தேய்ந்திருக்கும். பத்தேகாலுக்கு அவர் வந்தார். கையில் ஒரே ஒரு அங்கி. நான் துடைப்பத்தைப் போட்டுவிட்டு அவர் பின்னாலேயே நுழைந்தேன்.

"இருபத்தஞ்சு சுத்தமா இருக்கு. இது மட்டும்" என்று விரித்தார். முதுகில் ஒரு சாண் நீலக் கோடு.

தையல்காரி கோட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, மூணாவது வீட்டுச் சண்டைய நடிச்சுக் காட்டிக்கிட்டே துடைச்சீங்களே, அதுதானே இது?"

நான் துடைப்பத்தைத் தேடுகிற மாதிரி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவளே துடைத்தாள். யாரையும் தொட விடவில்லை. அங்கி மறுபடி என் ஃப்ரீசருக்குள் போனது. சூப்பர்வைசரும் என் வீட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். நடுவில் நான் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து மூன்று பேரிடமும் திட்டு வாங்கினேன். எடுத்து ஜன்னலோரம் பிடித்தபோது வெள்ளையாகத்தான் இருந்தது. முன்னும் பின்னும் புரட்டினார். உள்பக்கம் பார்த்தார்.

"பாக்கி பதினாலு?"

"ராத்திரி முழுக்க ஒவ்வொண்ணா அக்கா ஃப்ரீசர்ல வெச்சுப் பாத்துட்டேன் சார்."

பதினைந்தையும் கட்டி வண்டியில் ஏற்றினார். ஏறி உட்கார்ந்த பிறகுதான் சொன்னார். "அடுத்த மாசம் அறுபது. அளவு அனுப்பறேன். வேற எதுலயாவது கோடு போடுங்க, தாயே."

"சரி சார்" என்றாள், ரொம்ப நிதானமாக. வண்டி தெரு முனை திரும்பும் வரை அசையாமல் நின்றாள். அப்புறம் வாசற்படியிலேயே தொப்பென்று உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எவ்வளவு குனிந்து பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.