வந்தவளுக்குக் கொழுக்கட்டை

1

"ஹோட்டல்ல படுக்கவாடி நான் மூட்ட கட்டிக்கிட்டு—"

"மெதுவாப் பேசும்மா, எல்லாரும் பாக்கறாங்க—"

"பாக்கட்டும். பெத்த பொண்ணு வீடு இருக்கிற ஊர்ல—"

"நல்ல ஹோட்டல்மா! தங்கினவங்க எல்லாரும் புகழ்ந்து எழுதியிருக்காங்க. சுடுதண்ணி, லிஃப்ட்டு, காலைல டிபன்—"

"ஏன், உன் வீட்டுக் குழாய்ல சுடுதண்ணி வராதா?"

இவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. வட சீனாவின் ஷென்யாங் நகரில், மேற்குச் சந்தைக்குப் பின்னாலுள்ள ஒரு சாப்பாட்டுக் கடையில், என் முதுகுக்குப் பின்னிருந்த மேசையிலிருந்து. நான் திரும்பிப் பார்க்கவில்லை. முகங்கள் எனக்குத் தெரியாது. மீதியை இட்டுக்கட்டியது நான்தான்.

2

பெயர் வைத்தேன். அம்மா குய்லான், மகள் யான்மெய்.

"குய்லான் ரயிலைவிட்டு இறங்கியபோது பனி பெய்து—"

(வேண்டாம். வடக்கத்திக் கதை என்றாலே பனியைப் பெய்ய வைத்துவிடுகிறோம். அன்றைக்குச் சுள்ளென்று வெயில்.)

குய்லான் ரயிலைவிட்டு இறங்கினாள். கணவன் போன பிறகு தனியாக இருந்த வீட்டின் சாவியைக் கொழுந்தனிடம் கொடுத்துவிட்டு, கோழிகளை அக்கம்பக்கத்தில் பிரித்துக் கொடுத்துவிட்டு, மகளோடு இருந்துவிடலாம் என்று வந்தவள். மகளிடம் சொன்னதோ "சும்மா ஒரு எட்டுப் பாத்துட்டுப் போறேன்" என்று. உண்மை உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். யான்மெய்க்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஹோட்டலில் ரூம் போட்டிருப்பாளா என்று கேட்காதீர்கள். அதற்குத்தான் இந்தக் கதையையே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

3

யான்மெய் ஒன்றும் ஏனோதானோவென்று ஹோட்டல் பிடிக்கவில்லை. மெட்ரோவில் தொங்கிக்கொண்டே போனில் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் படித்தாள். மெத்தை கெட்டியா, சத்தம் வருமா, வயதானவர்கள் வழுக்கி விழாத குளியலறையா என்றெல்லாம் பார்த்தாள். வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் மாமியாரும் பேரனும்.

(கூடத்தில் மடக்குக் கட்டில் போட்டிருக்கலாம் என்று எழுதி, அடித்தேன். அதை எழுதினால் அவள் கெட்டவளாகிவிடுகிறாள். ஆனால் கட்டில் இருந்தது.)

"ஜன்னலைத் தொறந்தா எங்க பில்டிங் தெரியும்மா. அதுக்காகவே அந்த ரூமைக் கேட்டு வாங்கினேன்."

"அப்படியா? அப்ப நீ லைட்ட அணைக்கிறதப் பாத்துட்டு நானும் படுத்துக்கறேன்."

4

தட்டு வந்தது. ஆவி பறக்கும் கொழுக்கட்டைகள். உள்ளே பன்றிக்கறியும் புளிக்கவைத்த முட்டைக்கோசும்.

"உனக்குப் பிடிச்ச பூரணம்மா. இந்தப் பக்கம் இதுதான் பேர்போன கடை. தேடித் தேடிக் கண்டுபிடிச்சேன்."

குய்லான் சாப்பாட்டுக் குச்சிகளைத் தொடவில்லை.

"கொழுக்கட்டையா?"

"ஏன், பல்லு வலிக்குதா?"

எங்கள் பக்கத்தில் வந்திறங்கியவர்களுக்கு முதல் சாப்பாடு நூடுல்ஸ். அந்த நீளம் காலைக் கட்டி இங்கேயே நிறுத்தும் என்று. கொழுக்கட்டை, புறப்படுகிறவர்களுக்கு. யான்மெய் படிக்கப் போனபோது, வேலைக்குப் போனபோது, கல்யாணமாகிப் போனபோது, ஒவ்வொரு முறையும் இதே பூரணத்தை வைத்து மடித்துக் கொடுத்து அனுப்பியவள் குய்லான்.

(இங்கேதான் பேனா நின்றது. அம்மா என்றதும் மகளின் நாக்கு இந்தக் கொழுக்கட்டையைத்தான் நினைத்துக்கொண்டது, பிரியத்தில் வந்த பிசகு என்று எழுதலாம். தெரிந்தேதான் செய்தாள் என்றும் எழுதலாம். "யான்மெய் தட்டைப் பார்த்தாள், அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்று—" என்று தொடங்கினேன். முடிக்க முடியவில்லை. அவள் தட்டைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.)

5

ஒரு முடிவில் யான்மெய் எழுந்து போய் நூடுல்ஸ் சொல்லிவிட்டு வருகிறாள். எழுதிப் பார்த்தேன், அவள் நாற்காலி நகரும் சத்தமே என் காதில் விழவில்லை. இன்னொன்றில் குய்லான் சாவியைக் கொடுத்துவிட்டு வந்ததைச் சொல்லி அழுகிறாள். சொல்லமாட்டாள். சொல்லி வாங்குகிற இடம் ஹோட்டலைவிடக் கேவலம் அவளுக்கு.

ஒரு கொழுக்கட்டையை எடுத்தாள். மென்றாள். நன்றாக இருந்தது; அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. விழுங்கிவிட்டுக் கேட்டாள். யான்மெய் வாயில் என்ன பதிலை வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவை வைத்துக்கொண்டவர்களும் அனுப்பியவர்களும் இதைப் படிப்பீர்கள், நீங்களே வையுங்கள்.

"ஏன்டி யான்மெய், இப்ப நான் வந்திருக்கேனா, கெளம்பறேனா?"