புன்னையடி முக்கு அடங்கிக் கிடந்த காலை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயப்படாமல் கேளுங்கள். இந்தக் கதையில் ஒரு பிள்ளைக்குக் கை முறிகிறது. அது நன்றாகக் கூடியும் விடுகிறது. அதற்குமேல் துக்கம் எதுவும் வராது.

குளச்சலிலிருந்து வருகிற பெரிய சாலையும் எங்கள் ஊர்ச் சந்தைத் தெருவும் குறுக்கே வெட்டுகிற இடம்தான் புன்னையடி முக்கு. பெரிய சாலை அரசாங்கத்தின் நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம். சந்தைத் தெரு நகராட்சிக்கு. நடுவில் இருக்கிற முக்கு யாருக்கு? விளக்கு கேட்டால் அவர்கள் இவர்களைக் காட்டுவார்கள். வேகத்தடை கேட்டால் இவர்கள் அவர்களைக் காட்டுவார்கள். மீன் வண்டி, வாழைக்குலை லாரி, பள்ளிக்கூட வேன் என்று நாலு பக்கமிருந்தும் வருகிறவர்கள், முதலில் ஹாரன் அடித்தவனுக்கே வழி என்று தங்களுக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள்.

போன மழைக்காலத்தில் அந்தச் சட்டம் தெரியாத ஒரு வெளியூர் லாரி அஞ்சலியின் சைக்கிளை இடித்துவிட்டது. அஞ்சலி எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய அம்மா அஜிதாதான் எங்கள் வார்டு கவுன்சிலர். கைக்கட்டுப் பிரித்த பிறகும், பிள்ளை பள்ளிக்கூடம் போய்த் திரும்பி வருகிறவரை அஜிதாவுக்கு ஒரு வேலையும் ஓடாது. தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்துவிடுவாள்.

சிக்னல் வைக்க வேண்டும், நடைபாதை போட வேண்டும், முனையை அகலப்படுத்த வேண்டும். நகராட்சிப் பணத்தில் ஆகிற காரியம் இல்லை. ஆகவே அவள் நகராட்சித் தலைவர் தாணுலிங்கத்தின் பின்னாலேயே நடந்து, ஒரு தீர்மானம் போடவைத்தாள். அரசாங்கம் பணம் தந்தால், முனையிலிருக்கும் நகராட்சி இடத்தை நாங்கள் விட்டுத்தருகிறோம் என்று. வெகுநாள் பதில் இல்லை. பிறகு, சென்னையிலிருந்து பொறியாளர் ரஷ்மி நேரில் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. அவர் பார்த்துத் தேவைதான் என்று எழுதினால் பணம் வரும். இல்லையென்றால் இல்லை.

இனிமேல்தான் எங்கள் ஊர் செய்த கூத்து. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நாம் என்ன செய்வோம்? முற்றத்தைப் பெருக்கி, கொடியில் கிடக்கிற துணியை உள்ளே எறிந்து, சண்டை போடுகிற பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். அதைத்தான் முக்குக்கும் செய்தோம். ஆட்டோ ஸ்டாண்ட் கிளீட்டஸ் ஆட்டோக்களையெல்லாம் மைதானத்துக்கு மாற்றினான். மீன்காரர்கள் வேறு வழியாகப் போனார்கள். குலை லாரிகள் ஊருக்கு வெளியே நின்றன. தாணுலிங்கம் சொல்லிவைத்து நாலு மூலைக்கும் போலீஸ்காரர்கள் வந்துவிட்டார்கள்.

ரஷ்மி ஜீப்பிலிருந்து இறங்கிப் பார்த்தார். ஒரு ஸ்கூட்டர் வந்தது. போலீஸ்காரர் கை காட்டினார். நின்றது. மறுபடி கை காட்டினார். போனது. இரண்டு ஆடுகள் பையச் சாலையைக் கடந்தன.

“நல்லாத்தானே இருக்கு?” என்றார் ரஷ்மி. “இதைவிட மோசமான இடங்கள் எத்தனையோ காத்துட்டிருக்கு, சார். முதல்ல அவங்களுக்குக் கொடுக்கறதுதான் நியாயம்.”

தாணுலிங்கம் திரும்பி, பின்னால் நின்ற அஜிதாவைப் பார்த்தார்.

“மாதாவே! நாமளே கெடுத்துட்டமே அக்கா,” என்று முணுமுணுத்தான் கிளீட்டஸ்.

“ஆட்டோவ மாத்துனது ஆராக்கும்?” என்றாள் அஜிதா.

“நீங்கதானே மாத்தச் சொன்னிய!”

அவன் சொன்னது சரிதான். ரஷ்மி ஜீப்பில் ஏறப்போகையில் அஜிதா ஓடிப்போய் முன்னால் நின்றாள்.

“மேடம், நீங்க பாத்தது எங்க முக்கு இல்ல. விருந்தாளி வந்தா வீட்ட ஒதுக்குவோம்லா, அதுபோல ஒதுக்கிட்டோம். கள்ளம் நினைச்சுச் செய்யல. ஒரு சாயா குடிச்சிட்டுப் போங்க. அதுக்குள்ள நெசமான முக்கு வந்துரும்.”

“ஏம்மா அஜிதா, மானத்த வாங்காத,” என்றார் தாணுலிங்கம்.

“மானம் போனாப் போட்டும் அண்ணாச்சி. பிள்ளைக உசுரு போகாண்டாம்.”

ரஷ்மி எதிர்ப்புறம் இருந்த பகவதியப்பன் சாயாக்கடைக்கு நடந்தார். போலீஸ்காரர்களும் சாயா குடிக்கப் போனார்கள். கிளீட்டஸ் மைதானத்தில் நின்ற ஆட்டோக்காரன் ஒருவனுக்குப் போன் போட்டான்.

“லேய் சுதன், எல்லாவனயும் வரச் சொல்லு. நடிக்காண்டாம். எப்பவும் போல வந்தாப் போதும்.”

யாரும் உடனே வரவில்லை. ஆற்றிய சாயாவில் ரஷ்மி பாதியைக் குடித்துவிட்டார், சாலையில் ஒரு காக்காய்தான் உட்கார்ந்திருந்தது. நல்ல நாளிலேயே இந்த முக்கு நம் பேச்சைக் கேட்காதே என்று அஜிதா பல்லைக் கடித்தாள்.

பிறகு எங்கோ ஒரு ஹாரன். மீன் பெட்டி கட்டிய பைக்குகள் வந்தன. குலை லாரி வந்தது. அதை முந்திக்கொண்டு பஸ் வந்தது. பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் கல்யாண வீட்டுக் கார் ஒன்று மூக்கை நுழைத்தது. இடைவெளியிலெல்லாம் கிளீட்டஸின் ஆட்டோக்கள் போய் அடைத்துக்கொண்டன. எவனும் பின்னால் எடுக்க மாட்டேன் என்கிறான்.

“எடுலே பின்னால!”

“நீ எடு! எனக்கு முகூர்த்தம்!”

“உனக்கா முகூர்த்தம்? டிரைவருக்கு என்னலே முகூர்த்தம்!”

ரஷ்மி சாயாவைக் குடித்து முடித்தார். ஜீப் அந்தப் பக்கம் நின்றது. ஓர் அடி வைத்தார், பைக் ஒன்று காலை உரசிப் போனது. பின்வாங்கினார். மறுபடி வைத்தார், மறுபடி பின்வாங்கினார்.

“இதை நீங்கல்லாம் தினமும் எப்படிக் கடக்கறீங்க?”

“சாமியக் கும்பிட்டுட்டுத்தான்,” என்றான் கிளீட்டஸ்.

ரஷ்மி சிரிக்கவில்லை. திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். “இன்னொரு டீ சொல்லுங்க. சாயங்காலம் பள்ளிக்கூடம் விடற வரைக்கும் இருந்து பார்த்துட்டுப் போறேன்,” என்றார்.

இருந்தார். பிள்ளைகள் கடப்பதையும் பார்த்தார்.

பொங்கல் கழிந்து அனுமதி வந்தது. பணம் அரசாங்கத்தினுடையது, இடம் எங்களுடையது. தாணுலிங்கம் போனில் சொன்னபோது அஜிதா கொல்லையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். போனை வைத்தவள் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பாய் வந்தது.

“என்னம்மா?” என்று அஞ்சலி ஓடிவந்தாள்.

“சிக்னல் வருது மக்கா.”

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் பூனை சட்டியைக் காலி செய்துவிட்டது. அன்றைக்குச் சோற்றுக்கு ரசம்தான். இருவரும் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்களாம்.