துலுக்கானத்தின் கால்கள்

வாயைக் கட்டியாயிற்று. தாடைக்கு அடியில் கொடுத்துத் தலைமேல் முடிந்த வெள்ளைத் துணியோடு துலுக்கானம் பல்வலிக்காரர் மாதிரிப் படுத்திருந்தார். அவருடைய தம்பி திருவேங்கடம் இன்னொரு துண்டுத் துணியைக் கிழித்துக்கொண்டு கால்மாட்டுக்கு வந்தார். இறந்தவரின் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுவது ஊர் வழக்கம். ஆனால் துலுக்கானத்தின் மனைவி வேம்புலியம்மாள் அந்தப் பாதங்களை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"வாய வேணா நல்லா கட்டிக்கோ. நெறைய பேசுன வாயிதான். கால கட்டக் கூடாது," என்றாள்.

பந்தலில் இருந்த பெண்கள் ஒப்பாரியைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். திருவேங்கடம் எதையும் முறைப்படி செய்கிற மனிதர். கட்டாவிட்டால் கால் ஆளுக்கொரு பக்கம் போய்விடும், பாடையில் பார்க்க நன்றாக இருக்காது, நாளைக்கு ஊர் பேசும் என்று அண்ணிக்கு எடுத்துச் சொன்னார். வேம்புலி கேட்டுக்கொண்டாள். பாதங்களை மட்டும் விடவில்லை.

துலுக்கானத்தின் காலைப் பற்றிச் சேக்காடு ஊரில் தெரியாதவர் கிடையாது. ஊரார் வயலுக்கெல்லாம் தண்ணீர் இறைக்க, ஏற்ற மரத்தின் மேல் பகல் முழுக்க ஏறி இறங்கிய கால்கள் அவை. அவ்வளவு உழைத்த கால் படுத்ததும் ஓய்ந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவருக்கோ படுத்த பிறகுதான் வேலையே தொடங்கும். எலும்புக்குள் எறும்பு ஊறுகிறது என்பார். உதைப்பார், உரசுவார், எழுந்து வாசலில் நடப்பார். நடந்தால் சரியாகும், படுத்தால் திரும்ப வந்துவிடும். பட்டாளத்தார் வந்து ஆவடியில் கொட்டகை போடாத அந்தக் காலத்தில் ராத்திரியில் நடமாட இவரையும் நரியையும் விட்டால் அங்கே வேறு ஆள் கிடையாது.

கல்யாணமான புதிதில் உதை தாங்காமல் வேம்புலி அண்ணனூர் கிராமத்தில் இருந்த தாய் வீட்டுக்கு ஓடிவிட்டாள். புருஷன் உதைக்கிறான் என்றதும் அவளுடைய அண்ணன்மார் கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். தூங்கும்போது உதைக்கிறான் என்று அவள் பின்னாலேயே ஓடிப்போய்ச் சொன்ன பிறகு, பாதி வழியில் நின்று வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். கூட்டிப்போக வந்த துலுக்கானம் வரப்பில் அவளுக்குப் பின்னால் வெகுதூரம் நடந்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீயும் எத்தினி ஒத வேணா திருப்பிக் குடு. இன்னா ஆனாலும் என் கால மட்டும் கட்டிடாத மே."

கட்ட மாட்டேன் என்று அவள் சிரித்துக்கொண்டே வாக்குக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து அவள் அந்தக் கால்களோடு மல்லுக்கு நின்றாள். வேப்பெண்ணெய் தேய்த்தாள், வீடு நாறியதுதான் மிச்சம். முருங்கைக்கீரையும் ஆட்டு ஈரலும் ஆக்கிப்போட்டதில் கொஞ்சம் குணம் தெரிந்தது. டீத்தூள் கம்பெனிக்காரர்கள் ஆவடி ஸ்டேஷன் பக்கம் வண்டி போட்டு ஊருக்கெல்லாம் சும்மா டீ ஊற்றியபோது துலுக்கானம் அதற்கு அடிமையானார், கால்கள் முன்னைவிடக் கூத்தடித்தன. வேம்புலி டீ வண்டிக்காரனிடமே நேராகப் போய், இந்த ஆளுக்கு ஊற்றினால் ராத்திரி உன் வீட்டில் கொண்டுவந்து படுக்க வைத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். சாயங்காலத்தில் ஏரித் தண்ணீரில் முழங்கால் அளவுக்கு நிற்க வைத்தாள். கெண்டைக்கால்கள் மேல் இரண்டு சூடான மணல் பைகளை வைத்துப் பார்த்ததில் கால் கொஞ்சம் அடங்கியது.

கடைசியில் கைகொடுத்தது தூளி. பழைய புடவையை விட்டத்தில் தொங்கவிட்டு அவருடைய கால்களை மட்டும் அதில் போட்டாள். தூளியில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் கால் கட்டைவிரலில் வளையமாக மாட்டிக்கொண்டு கீழே பாயில் படுத்தாள். விரலை அசைத்தால் தூளி ஆடும், தூளி ஆடினால் கால் அடங்கும். பிள்ளைக்குக் கட்டுகிற தூளியைப் புருஷனுக்குக் கட்டியிருக்கிறாள் என்று தெருவே சிரித்தது. நல்ல தூக்கம் தூங்கி எழுந்த துலுக்கானம் தெருவைவிட அதிகமாகச் சிரித்தார். நாளாக ஆக, அவள் தூங்கிய பிறகும் அவள் விரல் மட்டும் தூங்காமல் ஆட்டப் பழகிவிட்டது.

இன்று விடியலில் அவர் கால் அந்தக் கயிற்றை இழுக்கவே இல்லை. அவளுக்கு ஒரே சந்தோஷம். மனிதர் இன்றைக்குத்தான் அசையாமல் தூங்குகிறார் என்று, கயிறு இழுபடாதபடி காலை நீட்டியே வைத்துக்கொண்டு வெகுநேரம் படுத்திருந்தாள். மகன் முனியன் வாசலில் மாட்டை அதட்டியபோது, சத்தம் போடாதே என்று கையைக் காட்டினாள். கூரை இடுக்கு வழியாக வெயில் முகத்தில் விழுந்தும் அவர் கண்ணைச் சுளிக்காததைப் பார்த்த பிறகுதான் பதறி எழுந்தாள். எழுந்த வேகத்தில் நைந்த கயிறு அறுந்தது. அழுதாள், மாரில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் தூக்கத்திலேயே போனார் என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. அந்தத் தூக்கத்துக்கு அவள் எவ்வளவு பாடுபட்டிருக்கிறாள்!

"உடு மா. சித்தப்பா சொல்றது சரிதான," என்று முனியன் அவள் தோளைத் தொட்டான். "செத்த காலுக்கு இன்னா தெரியப்போவுது?"

அவள் திருவேங்கடத்தைத்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

"கால்ல காட்டேரி பூந்துக்கிச்சினு உங்கம்மா இந்த மனுசன சின்ன வயசுல தூணோட கட்டிப் போட்டாங்களாமே. விடிய விடிய அழுதுக்கினு கெடந்தாராம். தம்பிதான் பக்கத்துல படுத்துக்கினு எங்கூட அழுதான்னு சொல்லுவாரு. அது நீதான?"

திருவேங்கடம் கையிலிருந்த துணியைப் பார்த்தார். அண்ணனின் பாதத்தைப் பார்த்தார். துணியை இரண்டாக மடித்தார், மறுபடியும் மடித்தார், பிறகு தோளில் போட்டுக்கொண்டு பந்தலை விட்டு வெளியே போனார். கோபித்துக்கொண்டார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். கொல்லைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தவரின் கையில் அந்த இரண்டு மணல் பைகளும் இருந்தன. வேம்புலி பாதங்களை மடியிலிருந்து இறக்கி வைத்ததும், அவற்றின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக அண்டக்கொடுத்து, கால் நேராக நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார். நின்றது.

பிறகு சாவு வீடு கல்யாண வீடாயிற்று. பேரன் பேத்தி எடுத்து, நோயில் விழாமல், தூக்கத்திலேயே போனவருக்கு யார் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பார்கள்? பறை முழங்கியது. துலுக்கானத்திடம் உதை வாங்கிய கதைகளை ஆளாளுக்குச் சொன்னார்கள். திருமுல்லைவாயில் திருவிழாவில் அவர் பக்கத்தில் படுத்து, விடிவதற்குள் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு உருண்டு போனதாக ஒருவர் சத்தியம் செய்தார். ஒப்பாரி வைத்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பாடையைத் தூக்கினார்கள். கட்டாத கால் நகர்ந்துவிடக் கூடாதே என்ற கவலை திருவேங்கடத்துக்கு. ஆட்டாமல் அலுங்காமல் மெதுவாக நடக்கச் சொன்னார். பாடை தூக்கிய பிள்ளைகளும் நிறைகுடம் தூக்குவது போல அடிமேல் அடி வைத்தார்கள். பெண்கள் வரக்கூடிய தெருமுனை வரைக்கும் வேம்புலி கூடவே நடந்தாள். நடக்க நடக்க அவளுக்கு மனசே ஆறவில்லை. இப்படிப் போனால் இந்த மனிதர் எப்படி நிம்மதியாகப் போவார்?

"டேய், ஆட்டிக்கினு போங்கடா," என்றாள். "ஆட்டுனாதான் அவரு தூங்குவாரு."

பாடை தூக்கியவர்கள் விழித்தார்கள். முனியன் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தான். வாழ்நாளில் ஒரு திருவிழாவிலும் ஆடியறியாத திருவேங்கடம், தோளில் கிடந்த அந்தத் துணியை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, வேட்டியை மடித்துக்கொண்டு, பறைக்கு முன்னால் போய் ஆட ஆரம்பித்தார். ஆட்டம் சகிக்கவில்லை. ஆனால் அதற்கு மேல் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும்? பாடை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. பூக்களுக்கு நடுவே துலுக்கானத்தின் பாதங்கள் மணல் பைகளில் மெத்தென்று சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தன. வேம்புலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணீரும் வந்தது. இரண்டையும் துடைத்துக்கொள்ளாமல், பாடை ஏரிக்கரையில் திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டுத் தாயம்மா அவளைக் கல்லில் உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினாள். காலைக் கழுவக் குனிந்தவள் அப்படியே நின்றாள். மெட்டிக்குப் பக்கத்தில், கட்டைவிரலில், காலையில் அறுந்த கயிற்றின் வளையம் அப்படியே இருந்தது. ஒரு விரல் நீளத்துக்குப் பிரி தொங்கியது. நாள் முழுக்க அவளும் கவனிக்கவில்லை, வேறு யாரும் கவனிக்கவில்லை.

"இத கழட்டிடட்டா கா?" என்று தாயம்மா தணிந்த குரலில் கேட்டாள்.

"பத்தாம் நாளு மெட்டிய கழட்டிக்கோங்க," என்றாள் வேம்புலி. "இது இருக்கட்டும்."

தாயம்மா இன்னொரு செம்புத் தண்ணீர் ஊற்றினாள். கயிறு நனைந்து விரலோடு ஒட்டிக்கொண்டது.