ஞாயிற்றுக்கிழமைப் பக்கம்

ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில், முழங்கால் மோவாயில் இடிக்க, விசாரணை அதிகாரி உட்கார்ந்திருந்தார். அணு உலை வெடித்துப் பத்து நாளாக ஊரே இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் அடைந்து கிடந்தது. விசாரணைக்கென்று மிஞ்சியது இந்த அறை ஒன்றுதான்.

எதிரே முள்ளக்கா. உலையின் சூட்டுமானியில் முள் எங்கே நிற்கிறது என்று மணிக்கொரு தரம் பார்த்து எழுதுவது அவள் வேலை. பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டது. அவள் எழுதிய பதிவேடு கதிர்வீச்சு பட்டது என்பதால் கண்ணாடிப் பெட்டிக்குள், வியாழக்கிழமைப் பக்கம் விரித்தபடி கிடந்தது.

"ஏம்மா, வியாழக்கிழமை காலையில பதினோரு மணிக்கு உலை வெடிச்சுது. சாயங்காலம் நாலு மணிக்கு 'சூடு சரி'ன்னு எழுதியிருக்கியே?"

"திங்கட்கிழமையே வாரம் பூராவுக்கும் எழுதிடுவேன் சார்."

"எழுதிடுவியா!"

"முள்ளு ரெண்டு வருஷமா ஒரே இடத்துல நட்டுக்கிட்டு நிக்குது. மூணு தடவை சொன்னேன். பெரியவர்தான், 'எப்பவும் எழுதுறதையே எழுது, எவன் படிக்கிறான்'னாரு."

பெரியவர், அதாவது தலைமைப் பொறியாளர், பக்கத்துப் பெஞ்சிலிருந்து எழப் பார்த்து மாட்டிக்கொண்டார். "அபாண்டம்! நான் தினமும் நேர்ல பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன். எல்லாம் இவ ஒருத்தியோட அலட்சியம்!"

அதிகாரி பேனாவைத் திறந்தார். அதை அப்படியே எழுதினால் அவளுக்குச் சிறை, பெரியவருக்கு வேறொரு உலையில் வேலை.

"வீட்ல என்னைப் பேசுற வாய் எங்கடி போச்சு?" என்று ஜன்னலுக்கு வெளியே முள்ளக்காவின் புருஷன் பல்லைக் கடித்தான்.

"சார், ஞாயித்துக்கிழமைப் பக்கத்தைப் புரட்டுங்க," என்றாள் முள்ளக்கா அதிகாரியிடம்.

அதிகாரியின் இரண்டு கைகளும் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டன. "அதைத் தொடக்கூடாதும்மா."

"தொடவே கூடாது!" பெரியவருக்குத் திடீரென்று பாதுகாப்பில் அத்தனை அக்கறை.

"நான் மூச்சுல இழுத்ததைவிடவா இது பெருசு?" மூடியைத் திறந்து வெறுங்கையால் புரட்டினாள். மூலையில் இருந்த கதிர்வீச்சு அளக்கும் கருவி கடுகாய்ப் பொரிந்தது. அதிகாரி பெஞ்சோடு பின்னால் நகர்ந்து, அங்கிருந்தே கழுத்தை நீட்டிப் படித்தார்.

"ஞாயிறு, மாலை நாலு மணி. நேரில் பார்த்தேன். எல்லாம் நலம்."

கீழே பெரியவரின் கையெழுத்து, வால் சுழித்து.

"அந்த ஞாயித்துக்கிழமை கூரையே பறந்து மூணு நாளாயிருந்துச்சு. எங்கே நின்னு சார் பார்த்தீங்க, மேகத்துலயா?"

அதிகாரி பெரியவர் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க."

அதற்குள் நர்ஸ் ஓடிவந்து முள்ளக்காவின் கையை வாளிக்குள் அமுக்கிப் பரபரவென்று தேய்த்தாள்.

"மெதுவா தேயிம்மா," என்றாள் முள்ளக்கா. "அவர் என்ன சொல்றாருன்னு கேக்கணும்."