பாலையடியில் போர்வை விரித்த நாட்கள்

பங்குனி மாதம் ஆறாந் திகதி வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, பாலையடிக் குடியிருப்பில் பதினேழு பேரும் நான்கு ஆடுகளும் ஒரு மீன்காரரும் ஒரே நேரத்தில் தூங்கிப்போனார்கள். மீன்காரருக்கு மட்டும் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, மீன்பெட்டியை நிழலுக்கு நகர்த்தி, தலைக்கவசத்தைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுக்கும் அளவுக்கு அவகாசம் கிடைத்தது. மற்றவர்கள் நின்ற இடத்திலேயே மெல்லக் குந்தி, பிறகு சரிந்து, வெட்டி முடிந்த வயலின் வைக்கோலில் கன்னத்தை வைத்தார்கள். இரண்டு பாலை மரங்களுக்கு நடுவே கட்டிய கயிற்றில் போர்வையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்த சுடலைமுத்து, பிடியை விடாமலே உறங்கினார். மறு முனையைப் பிடித்திருந்த அவருடைய மனைவி இரஞ்சிதம் மட்டும் விழித்தபடி நின்றாள். அந்தப் போர்வையைத் தைத்தவள் அவள்தான். கடைசித் தையலைப் போட்டு நூலைப் பல்லால் கடித்து அரை மணித்தியாலம் ஆகியிருந்தது.

இரஞ்சிதத்துக்கு அப்போது ஐம்பது வயது. எழுபத்தேழாம் ஆண்டு கலவரத்துக்குப் பிறகு மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம். வரும்போது அவளுக்கு இரண்டு வயது. காடு வெட்டினார்கள், கிணறு வெட்டினார்கள், நெல் விதைத்தார்கள், நாலு தடவை ஊரை விட்டு ஓடி நாலு தடவை திரும்பி வந்தார்கள். ஐந்தாவது ஓட்டம் இரண்டாயிரத்து ஒன்பதில், கடற்கரை வரை. அங்கே ஒரு பதுங்குகுழிக்குள், மூன்று நாள் விழித்திருந்த களைப்பில், ஒரு பகற்பொழுது அவள் கொஞ்சம் கண்ணயர்ந்தாள். அரை மணித்தியாலத்துக்கு மேல் இராது. மடியில் தலை வைத்திருந்த பதினொரு வயது மகள் நிசாந்தினி, அம்மா தூங்கட்டும் என்று மெல்ல எழும்பி, தண்ணீர்க் கலனையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வரவில்லை. கலனும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து இரஞ்சிதம் தூங்கவில்லை. சரியாகத் தூங்கவில்லை என்பதல்ல, தூங்கவே இல்லை. வைத்தியசாலையில் கொடுத்த வெள்ளைக் குளிசைகளை ஒரு வருடம் விழுங்கிவிட்டு, பிறகு கோழிக்குக் கொடுத்தாள். கோழி இரண்டு நாள் தூங்கி எழும்பியது. பதினாறு வருடம் இப்படிப் போனது. ஊரில் இதைப் பெரிதாக யாரும் பேசவில்லை, ஏனென்றால் பாலையடியில் மற்றவர்களுடைய தூக்கமும் அவ்வளவு ஒழுங்காக இல்லை. மூக்கன் கிடந்தபடி கண்ணைத் திறந்துகொண்டிருப்பான். ஓய்வுபெற்ற ஆசிரியை ஜெகதீஸ்வரி, உடுப்பும் பத்திரங்களும் கட்டிய பையைக் கதவடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தபடியே விடிய வைப்பா.

ஐந்து வருடத்துக்கு முன்னர் இரஞ்சிதம் கிளிநொச்சிப் பக்கம் ஒரு காமன்ட் தையல் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். சட்டை வெட்டி மிஞ்சும் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். அவளுக்குத் தூங்கும் நேரமெல்லாம் மிச்சமாக இருந்ததால், ஒன்றோடொன்றை ஒட்டிக் கையாலேயே தைத்தாள். முதலில் தலையணை அளவு, பிறகு பாய் அளவு, கடைசியில் குசினிச் சுவரளவு. ஆயிரத்து நூற்று நாற்பது துண்டுகள், எந்த இரண்டும் ஒரே மாதிரியில்லை. தைத்த ஐந்து வருடமும் அது அலுமாரிக்குள் சாதாரணப் போர்வையாகவே இருந்தது. முடித்த பிறகு, திறந்த வெளியில், வெயில் பட்ட கணத்தில்தான் அதன் குணம் தெரிந்தது.

வெளியே கொண்டுவரக் காரணம், மாதர் சங்கத்துக்குப் பொறுப்பாக இருந்த ஜெயரூபி. வவுனியாவில் நடக்கவிருந்த கைப்பணிக் கண்காட்சிக்குப் படம் அனுப்ப வேண்டும், வெளியில் வைத்து எடுத்திருக்க வேண்டும், முழுதாகத் தெரிய வேண்டும், சித்திரை நாலாந் திகதி வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்கு முன் சேர வேண்டும் என்று சொல்லியிருந்தாள். படம் எடுக்க வந்தவர் தருமபுரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தயாபரன். கலியாணம், சாமத்தியச் சடங்கு, அடையாள அட்டைப் படம் என்று எல்லாம் எடுப்பவர். முதல் நாள் தூங்கிய பதினேழு பேரில் அவரும் ஒருவர். இரஞ்சிதம் போர்வையை மடித்த பிறகுதான் எழும்பினார். கமெராவில் ஒரேயொரு படம் இருந்தது, அதில் அவருடைய வலது பாதம்.

"அக்கா, எனக்கு என்ன நடந்தது?"

"தூங்கிட்டீங்க தம்பி."

"எவ்வளவு நேரம்?"

"மூணே கால் மணித்தியாலம். முழிப்பீங்க முழிப்பீங்கன்னு பாத்தேன். பாவமா இருந்திச்சி, எழுப்பல."

தயாபரன் வைக்கோலைத் தட்டிவிட்டுக் கமெராவைப் பைக்குள் வைத்தார். பிறகு, நாளைக்கும் வாறன் என்றார்.

மறுநாள் வாய்க்குள் பச்சைமிளகாயை வைத்துக்கொண்டு வந்தார். மிளகாயோடு தூங்கினார். அடுத்த முறை வீதியில் நின்று, தூரத்தில் உள்ளதைக் கிட்டக் காட்டும் வில்லையால் பார்த்தார். வில்லைக்குள் போர்வை கிட்ட வந்தது, தூக்கமும் கிட்ட வந்தது. கிளிநொச்சியிலிருந்து ட்ரோன் கொண்டுவந்த பொடியன் திரையைப் பார்த்தபடி மதகில் சாய்ந்தான். ட்ரோன் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் தானாக இறங்கி, ஆடுகளுக்குப் பக்கத்தில் கிடந்தது. இரஞ்சிதமே எடுக்கலாமே என்றால், ஊசி பிடித்தால் ஆடாத அவளுடைய கை தொலைபேசியைப் பிடித்தால் நடுங்கியது. பதினாறு வருடத் தூக்கம் அந்தக் கையில்தான் சேர்ந்திருந்தது போல, எடுத்த படங்களெல்லாம் மழைநாள் கண்ணாடி மாதிரிக் கலங்கிக் கிடந்தன.

இதற்குள் ஊர் பாய்களோடு வரத் தொடங்கிவிட்டது. மூக்கன் முதல் நாளே குறட்டை விட்டான். ஜெகதீஸ்வரி ரீச்சர் கௌரவமாகக் கதிரையோடு வந்தா, இரண்டாம் நாள் கதிரையை விட்டுவிட்டுப் பாயோடு வந்தா, ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போய்க் கதவடிப் பையை அவிழ்த்து உடுப்பையெல்லாம் அலுமாரியில் அடுக்கினா. கிராம அபிவிருத்திச் சங்கம் கூடி, செவ்வாயும் வெள்ளியும் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை போர்வை விரிப்பதென்றும், வீதிப் பக்கம் படங்கு கட்டி மறைப்பதென்றும் தீர்மானித்தது. முல்லைத்தீவு பஸ் சாரதி கேட்டுக்கொண்டதற்கு இணங்கத்தான் படங்கு. அங்கே வரும் தூக்கத்தில் கனவு கிடையாது. பலகாலம் பூட்டியிருந்த அறையைக் கூட்டிக் கழுவிவிட்டது போன்ற வெறும் தூக்கம். எழும்பியவர்கள் பசிக்கிறது என்றார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆடு ஒன்று போர்வையின் ஓரத்தைக் கிழித்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா தன்னிடமிருந்த ஊசியால் ஏழெட்டுத் தையல் போட்டுச் சரிசெய்தாள். செவ்வாய்க்கிழமை அவள் பாய் விரித்துப் படுத்தாள், புரண்டாள், எழும்பி உட்கார்ந்தாள். சுற்றிலும் எல்லோரும் தூங்க, அவளுக்குக் கண் மூடவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் அங்கே மூடவில்லை. போர்வையில் ஊசி குத்திய கைக்கு அந்தத் தூக்கம் இல்லை என்பது அப்படித்தான் தெரியவந்தது. பேச்சியம்மா இரண்டு நாள் அழுதுவிட்டு, தூங்குகிறவர்களின் முகத்தில் ஈ மொய்க்காமல் விசிறத் தொடங்கினாள். அவளிடம் கமெராவைக் கொடுத்துப் பார்த்தார்கள். இருபது படங்களில் பத்தொன்பது அவளுடைய பெருவிரல், மற்றது வானம்.

இனி ஒரே வழிதான் இருந்தது. தயாபரன் ஒரு தையல் போட்டால் விழித்திருந்து படம் எடுக்கலாம். ஜெயரூபி அதை அவரிடம் லேசாகச் சொன்னாள், ஒரு தையல்தானே என்று. தயாபரனுடைய முகம் செத்துப்போனது. யுத்தத்தின் கடைசி மாதங்களில் கமெராவோடு திரிந்தவர்களில் அவரும் ஒருவர். கையில் வேறு ஒன்றும் மிஞ்சாத சனம், புதைக்கிறதுக்கு முன் ஒரு படம் எடுத்துத் தாங்கோ தம்பி என்று அவரைக் கூப்பிட்டது. அவரும் போய், முகத்தைத் துடைத்து, வெளிச்சம் பார்த்து எடுத்தார். எடுத்ததெல்லாம் நந்திக்கடலைக் கடக்கும்போது தண்ணீரோடு போய்விட்டது. ஆனாலும் கண்ணை மூடினால் அவருடைய கை வெளிச்சம் சரிபார்க்கத் தொடங்கிவிடும். பாலையடி வைக்கோலில்தான் அந்தக் கை முதல்முறையாகச் சும்மா கிடந்தது.

"ஒரு தையல் போட்டால் எனக்கு இனி நித்திரை இல்லை, அக்கா," என்றார் இரஞ்சிதத்திடம்.

"வேணாம் தம்பி. படம் போனா போவட்டும். நீங்க வந்து தூங்கிட்டுப் போங்க."

அவர் எழும்பிப் போகப் பார்த்தார். போகாமல் கேட்டார்.

"நீங்கள் எப்ப அக்கா நித்திரை கொள்ளுறது?"

"நான் தூங்குனா யாராச்சும் எந்திரிச்சிப் போயிருவாங்க," என்றாள் இரஞ்சிதம். பிறகு பதுங்குகுழியைப் பற்றிச் சொன்னாள். தண்ணீர்க் கலன் என்ன நிறம், மகள் எந்தப் பக்கத்துப் பின்னலில் நாடா கட்டியிருந்தாள், தன் மடி எவ்வளவு நேரம் சூடாகவே இருந்தது என்றெல்லாம் சொன்னாள். பதினாறு வருடத்தில் சுடலைமுத்துவிடம்கூட அவள் இதை இவ்வளவு சொன்னதில்லை. தயாபரன் தலையைக் குனிந்தபடி கேட்டுவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போனார். அடுத்த இரண்டு முறையும் போர்வை விரித்தபோது அவர் வரவில்லை.

நாலாந் திகதி வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்தார். கமெராவின் தோள்பட்டியிலிருந்து ஒரு விரலளவு துண்டை வெட்டிக் கையில் வைத்திருந்தார்.

"ஊசியைத் தாங்கோ அக்கா."

"யோசிச்சிச் செய்ங்க தம்பி."

"யோசிச்சிட்டன். சண்டைக்குள்ள எவ்வளவோ படம் எடுத்தனான், ஒண்டையும் ஒருத்தருக்கும் காட்டக் கிடைக்கேல்லை. இதைக் காட்ட வேணும்."

நூல் கோக்க ஏழு முறை முயன்றார். விரலில் குத்திக்கொண்டார், முடிச்சுப் போட மறந்தார், பேச்சியம்மா சிரித்தாள். ஆறு தையல் போட்டு அந்தக் கறுப்புத் துண்டைக் கீழ் மூலையில் ஒட்டினார். அது கோணலாகத்தான் இருந்தது. இரஞ்சிதம் அதைத் திருத்தவில்லை.

பத்து மணிக்குப் போர்வையைக் கயிற்றில் போட்டார்கள். அன்று காற்று கிழக்கேயிருந்து மெதுவாக வந்தது. ஆயிரத்து நூற்று நாற்பத்தொரு துண்டுகளும் ஒரு மூச்சு இழுத்து விட்டன போல அசைந்தன. வயலில் நாற்பத்துமூன்று பேர் ஒருவர்பின் ஒருவராகப் படுத்தார்கள். தயாபரன் உழவு இயந்திரப் பெட்டியின் மேல் ஏறி நின்றார். தூக்கம் வரவில்லை. கண்ணில் நீர்தான் வந்தது, துடைத்துவிட்டு வெளிச்சம் பார்த்தார். மஞ்சள் துண்டுகள் வழியாக விழுந்த வெயில் மூக்கனுடைய முகத்தில் மஞ்சளாகவும், நீலத் துண்டுகளின் வெயில் ரீச்சருடைய கையில் நீலமாகவும் கிடந்தது. சுடலைமுத்து வாயைத் திறந்துகொண்டு உறங்கினார். கோழிக்குஞ்சு ஒன்று அவருடைய வயிற்றில் ஏறி, இரண்டு தடவை கொத்திப் பார்த்துவிட்டு அதுவும் ஒடுங்கியது. தயாபரன் ஒரே ஒரு படம் எடுத்தார். இரண்டாவது தேவைப்படவில்லை.

இறங்கி வந்து கமெராவின் பின்பக்கத் திரையை இரஞ்சிதத்திடம் காட்டினார். அவள் போர்வையைப் பார்க்கவில்லை. விரலை வைத்து ஆட்களை எண்ணினாள். நாற்பத்துமூன்று. நிமிர்ந்து வயலைப் பார்த்தாள். இதற்குள் மூக்கன் புரண்டு படுத்திருந்தான், ரீச்சர் கையை மடக்கியிருந்தா. மறுபடி படத்தைப் பார்த்தாள். அதில் மூக்கன் புரளவில்லை. மறுபடி எண்ணினாள், நாற்பத்துமூன்று.

"எல்லாரும் இருக்காங்க," என்றாள்.

"ஓம் அக்கா."

"கொஞ்சம் கழிச்சுப் பாத்தாலும் இருப்பாங்களா?"

"எப்ப பாத்தாலும் இருப்பினம். இதுக்குள்ளயிருந்து ஒருத்தரும் எழும்பிப் போகேலாது."

இரஞ்சிதம் கமெராவை மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள். மூன்றாவது முறை எண்ணத் தொடங்கினாள். இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் எங்கேயோ அவளுடைய விரல் நின்றது. பேச்சியம்மா ஓடிவந்து தலையைத் தாங்கித் தன் மடியில் வைத்தாள். இரஞ்சிதத்தின் கை நடுக்கம் நின்றிருந்தது.

அவள் ஐந்து நாள் தூங்கினாள். கட்டிலில் கிடத்தி வீட்டுக்குள் தூக்கிக்கொண்டுபோனபோதும், திங்கட்கிழமை இடி இடித்தபோதும் எழும்பவில்லை. கமெராவை அவள் பிடியிலிருந்து எடுக்கச் சுடலைமுத்து விடவில்லை. அதனால் தயாபரன் சனிக்கிழமைக் கலியாணத்தை இரவல் கமெராவால் எடுத்தார், கண்காட்சிக்கான திகதியும் போய்விட்டது. ஜெயரூபி ஒரு முறை வாசலில் வந்து நின்று, உள்ளே கேட்ட மூச்சைக் கேட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். ஆறாம் நாள் காலை இரஞ்சிதம் எழும்பி, பழஞ்சோறு இருக்கா என்று கேட்டாள். சுடலைமுத்து குசினிக்குள் போய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு அழுதுவிட்டு, சோற்றோடு வந்தார்.

படத்தைப் பெரிதாக அச்சடித்துத் தயாபரன் கொண்டுவந்து கொடுத்தார். அது அவளுடைய தலைமாட்டுச் சுவரில் இருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு அது ஒரு படம், நிறம் நன்றாக விழுந்திருக்கிறது என்பார்கள், அவ்வளவுதான். இரவில் அதைப் பார்த்து எண்ணத் தொடங்கும் இரஞ்சிதம் இருபத்தைந்தைத் தாண்டியதில்லை. செவ்வாயும் வெள்ளியும் போர்வை விரிக்கிறார்கள். மாங்குளத்திலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், வருகிறவர்கள் பாயும் தண்ணீரும் கொண்டுவர வேண்டும், செருப்பை வரப்பில் விட வேண்டும். தயாபரனும் வருகிறார். அந்த இரண்டு மணித்தியாலமும் ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு, கமெரா இல்லாமல், உழவு இயந்திரப் பெட்டியில் உட்கார்ந்து காகம் கலைக்கிறார். நித்திரை இல்லாமல் கஷ்டமில்லையா என்று ஒருமுறை பேச்சியம்மா கேட்டதற்கு, படுத்திருக்கிற முகங்கள் பன்னிரண்டு மணிக்கு எழும்புவதைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்றார். பன்னிரண்டுக்குப் போர்வையை மடிக்கிறார்கள். ஒவ்வொருவராக எழும்பி, தலையிலிருக்கும் வைக்கோலைத் தட்டிவிட்டு, சமைக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். கடைசி ஆளும் எழும்பி நடக்கும்வரை தயாபரன் பெட்டியை விட்டு இறங்குவதில்லை.